தப்பா ஆடற பொண்ணுக்கு எதுக்கு இவ்ளோ கைதட்டல்? ஜப்பான் ஐடலைப் பாக்கக் கத்துக்கறது எப்படி

கே-பாப் பாத்துப் பழகின கண்ணோட முதல் தடவை ஒரு ஜப்பான் ஐடல் குரூப்போட, அதாவது மேடைல பாடி ஆடற இளம் பொண்ணுங்க குரூப்போட, ஸ்டேஜ் வீடியோவைப் போட்டா பெரும்பாலும் நடக்கறது இதுதான், ரெண்டு நிமிஷம் பாப்பீங்க, ஒரு பொண்ணு ஸ்ருதி விலகிப் பாடும், இன்னொரு பொண்ணு பக்கத்துல இருக்கறவளைப் பாத்துப் பாத்து ஆடும், கீழ நாப்பது வயசு ஆளுங்க தொண்டை கிழிய கத்திட்டு இருப்பாங்க, "இதுக்கா இவ்ளோ கூட்டம்"னு மூடிட்டுப் போயிடுவீங்க. நானும் அப்படி மூடிட்டுப் போனவதான். இப்ப மூணு வருஷமா இதைப் பாக்கறேன், புதுசா பாக்க வர்றவங்களுக்கு எங்கேந்து ஆரம்பிக்கணும்னு சொல்ல ஆள் இல்லையேன்னுதான் இதை எழுதறேன்.

நான் இருக்கறது டோக்கியோவுல நிஷிகசாய், நம்ம ஆளுங்க நிறைய இருக்கற ஏரியா. ஆபீஸ்ல கூட வேலை பாக்கற ஒரு ஜப்பான் தோழி கூப்பிட்டாங்கன்னு ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தோசாய் லைன் ஏறி, கயாபாச்சோவுல ஹிபியா லைன் மாறி அகிஹபாரா போனேன். ஒரு பில்டிங்கோட பேஸ்மென்ட்ல சின்ன லைவ் ஹவுஸ், அதாவது கச்சேரி நடக்கற ஹால், நூறு பேர் நின்னா மூச்சு முட்டும். அஞ்சு பொண்ணுங்க குரூப். பச்சை டிரஸ் போட்ட பொண்ணு, இருபத்தொண்ணு வயசு, குரூப்ல சேந்து மூணு மாசம்தான் ஆகுதுன்னு தோழி காதுல சொன்னாங்க. ரெண்டாவது பாட்டுல எல்லாரும் வலது பக்கம் திரும்பறப்போ அந்தப் பொண்ணு மட்டும் இடது பக்கம் திரும்பி, பக்கத்துல இருந்தவளோட தோள்ல போய் இடிச்சு, ஒரு செகண்ட் கண்ணு ரெண்டும் பெருசாகி, உதட்டைக் கடிச்சுக்கிட்டு, அடுத்த ஸ்டெப்ல வந்து சேந்துக்கிச்சு. எனக்கு முன்னாடி பச்சை டி-ஷர்ட் போட்டு கையில பச்சையா ஒளிர்ற குச்சியோட, பென்லைட்னு சொல்வாங்க, ஒருத்தர் நின்னாரு, அம்பது வயசு இருக்கும், சரியா அந்த நேரத்துல அந்தப் பொண்ணு பேரை அவ்ளோ சத்தமா கூப்பிட்டாரு.

ஷோ முடிஞ்சு போட்டோ எடுக்கற வரிசைல அவரே எனக்கு முன்னாடி நின்னாரு. தப்பு பண்ணப்போ எதுக்குங்க அப்படி கத்துனீங்கன்னு கேட்டேன். அவரு ரொம்ப நிதானமா சொன்னாரு, "போன வாரம் இந்தப் பாட்டுல நாலு இடத்துல தப்பு வந்துச்சுங்க, இன்னைக்கு அந்தத் திருப்பம் ஒண்ணுதான்."

நான் பாத்தது ஒரு தப்பு. அவரு பாத்தது மூணு தப்பு காணாமப் போனதை. ஒரே மேடை, ஒரே பாட்டு, நாங்க ரெண்டு பேரும் வேற வேற விஷயத்தைப் பாத்துட்டு வந்திருக்கோம். அவரு பாத்த மாதிரி பாக்க கத்துக்கறதுதான் இந்த கைடு முழுக்க.

மொதல்ல தராசை இறக்கி வைங்க

கே-பாப்ல ட்ரெய்னிங் கதவுக்குப் பின்னாடி நடக்கும், வருஷக்கணக்கா பிராக்டிஸ் ரூம்ல வச்சு செதுக்கி, முடிஞ்சதுக்கப்புறம் வெளிய கொண்டு வருவாங்க, நாம பாக்கறது முடிச்ச சிலை. ஜப்பான் ஐடல்ல அந்த பிராக்டிஸ் ரூமோட ஒரு சுவரை எடுத்துட்டு அங்க டிக்கெட் கவுன்ட்டரை வச்சிட்டாங்கன்னு நினைச்சுக்கோங்க. செதுக்கறதே ஷோ. இது தெரியாம ரெண்டையும் ஒரே தராசுல போட்டா ஒண்ணு எப்பவுமே தோத்துப் போகும், ஏன்னா அது அந்தப் பந்தயத்துல ஓடவே இல்ல.

2018ல கொரியாவுல ப்ரொட்யூஸ் 48ன்னு ஒரு டிவி ஷோ வந்துச்சு, ஜப்பானோட பெரிய ஐடல் குரூப்பான ஏகேபி48, அதோட கிளைக் குரூப்புங்க, இவங்க பொண்ணுங்களும் கொரியன் ட்ரெய்னிப் பொண்ணுங்களும் ஒண்ணா போட்டி போட்டாங்க. முதல் கிரேடிங்லயே ஜப்பான்ல பேர் தெரிஞ்ச பொண்ணுங்க பல பேர் கடைசி கிரேடுக்குப் போனாங்க, ட்ரெய்னருங்க முகம் போன போக்கை இப்பவும் கிளிப்ல பாக்கலாம். ஆனா அதே ஷோ முடிவுல ஜெயிச்ச 12 பேர்ல மியாவாகி சகுரா, யாபுகி நாகோ, ஹோண்டா ஹிதோமின்னு மூணு ஜப்பான் பொண்ணுங்க இருந்தாங்க. அந்த மூணு மாசத்துல அவங்க எவ்ளோ மாறினாங்கன்னு பாத்தவங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. கொரியன் ஷோ மேடைலயே ஜப்பான் ஐடலோட மருந்து வேலை செஞ்சிருக்குன்னுதான் நான் இதை எடுத்துக்கறேன்.

இன்னொண்ணையும் இறக்கி வைக்கணும். ஜப்பான், குறை, அழகுன்னு மூணு வார்த்தை சேந்தா போதும், உடனே குறைலயே அழகு இருக்குங்கற வாபி-சாபி, விரிசல் விட்ட டீ கிண்ணம், தங்கத்துல ஒட்டு போடறதுன்னு ஆரம்பிச்சிடுவாங்க. எனக்கு அது பொருந்தறதா தெரியல. விரிசல் விட்ட கிண்ணம் அப்படியே இருக்கும், நாளைக்கு நல்லா ஆயிடும்னு யாரும் காத்திருக்கறதில்ல. இதுக்கு சரியான ஒப்பீடு கோஷியென், 1915லேந்து நடக்கற ஸ்கூல் பசங்க பேஸ்பால் போட்டி. ப்ரொஃபஷனல் ஆட்டம் இதைவிட எவ்ளோவோ நல்லா இருக்கும், அது எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் கோடைக்காலத்துல நாடே கோஷியென் பாக்குது, ஒரு தடவை தோத்தா வெளிய, தோத்த பசங்க அழுதுக்கிட்டே மைதானத்து மண்ணை அள்ளி பையில போட்டுக்கிட்டுப் போவாங்க. அந்த மண்ணை அள்ளறதைப் பாத்து உங்களுக்குத் தொண்டை அடைச்சா உங்களால ஐடலும் பாக்க முடியும்.

இது எங்கேந்து வந்துச்சுன்னு கொஞ்சம்

சினிமா ஸ்டார் தியேட்டர்ல பெரிய திரைல எட்டாத உயரத்துல இருந்தாங்க, டிவி வந்து வீட்டுக்குள்ள உக்காந்ததும் பக்கத்து வீட்டுப் பொண்ணு மாதிரி ஒருத்தி தேவைப்பட்டா. 1971ல ஆரம்பிச்ச ஸ்டார் தான்ஜோன்னு ஒரு ஆடிஷன் ஷோ, சாதாரண பொண்ணுங்க வந்து நடுங்கிக்கிட்டே பாடினதை நாடே உக்காந்து பாத்துச்சு, பின்னாடி பெரிய ஸ்டாரான யமகுச்சி மொமோஎ அங்கேந்துதான் வந்தாங்க. கேண்டீஸ்னு மூணு பொண்ணுங்க குரூப் 1977ல மேடைலயே நாங்க சாதாரண பொண்ணுங்களா திரும்பிப் போகணும்னு சொல்லி அடுத்த வருஷம் கலைச்சிட்டாங்க. 1985ல ஓன்யாங்கோ கிளப், ஸ்கூல் முடிச்சு நேரா டிவி ஸ்டேஷன் வந்த மாதிரி ஒரு கூட்டம், அமெச்சூரா இருக்கறதே அங்க விஷயம். அதுக்குப் பாட்டு எழுதின அகிமோட்டோ யசுஷிதான் இருபது வருஷம் கழிச்சு ஏகேபி48 ஆரம்பிச்சாரு.

நடுவுல மார்னிங் முசுமே. 1997ல ஒரு ராக் சிங்கர் ஆடிஷன்ல தோத்துப் போன அஞ்சு பேரைக் கூப்பிட்டு, அஞ்சு நாள்ல 50,000 சிடியை நீங்களே கையால வித்துக் காட்டுங்க, வித்தா டெபியூ, அதாவது குரூப்பா அறிமுகம்னு சொன்னாங்க. நாலே நாள்ல வித்துட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, அந்தக் குரூப்போட முதல் வரியே "தோத்தவங்க"தான், ஆனா வரிசைல நின்னு அந்த சிடி வாங்கின ஒவ்வொருத்தரும் இந்தக் குரூப் பொறந்ததுல எனக்கும் பங்கு இருக்குன்னு நம்பினாங்க, அந்த நம்பிக்கை பொய்யும் இல்ல.

ஏகேபி48 முதல் ஷோ 2005 டிசம்பர் 8, அகிஹபாராவுல ஒரு டிஸ்கவுன்ட் கடை பில்டிங் எட்டாவது மாடில 250 பேர் கொள்ற தியேட்டர், அன்னைக்குக் காசு குடுத்து வந்த பொது ஜனம் 7 பேர். அந்தத் தியேட்டர்ல மேடைக்கு முன்னாடி ரெண்டு பெரிய தூண் இருந்துச்சு, எங்க உக்காந்தாலும் மேடைல ஒரு பகுதி மறையும், பிங்கோ மாதிரி நம்பர் இழுத்துத்தான் உள்ள விடுவாங்க, அதனால எந்தப் பக்கம் கிடைக்கும்னு முன்னாடியே தெரியாது. ஒரு நாள் உங்க பொண்ணு தூணுக்குப் பின்னாடி போயிடும், இன்னொரு நாள் கண்ணுக்கு நேரா நிக்கும். நூறு தடவை வந்தவங்களுக்குத் தனி மரியாதை உண்டு. ஒரே ஷோவை நூறு தடவை எதுக்குப் பாக்கணும்னு கேக்கறவங்களுக்கு பதில் அந்தத் தூண்லயே இருக்கு, ஒரு தடவைல முழுசா தெரியாது.

ஓஷியைத் தேர்ந்தெடுக்கறது

ஓஷின்னா நீங்க ஆதரிக்கற ஆள். அவங்களுக்காக நீங்க பண்ற எல்லாம் ஓஷிகட்சு. மொத்தக் குரூப்பையும் ஆதரிச்சா ஹாகோ-ஓஷி, அதாவது பெட்டியோட. ஆரம்பிக்கறவங்க பெட்டியோட எடுக்காதீங்க, ஒருத்தரைப் பிடிங்க.

யாரைன்னு கேட்டா என்னோட யோசனை, சென்டரை விட்டுட்டு ஓரத்துக்குப் போங்க. சென்டர்ல நிக்கறவங்க ஏற்கனவே முக்கால்வாசி தூரம் ஓடி முடிச்சிருப்பாங்க. கென்க்யூசெய்னு சொல்ற ட்ரெய்னிப் பொண்ணுங்களைப் பாருங்க, புது பேட்ச் ஆடிஷன் முடிஞ்சு மேடை ஏறற முதல் நாள் வீடியோவைப் பாருங்க. இங்க ரசிகருங்க அடிக்கடி சொல்ற வார்த்தை நோபிஷிரோ, வளர இடம் இருக்குன்னு அர்த்தம், "இந்தப் பொண்ணுகிட்ட நோபிஷிரோ நிறைய"ன்னு சொன்னா அது பாராட்டு.

குரல் நல்லா இருக்கான்னு கேக்காம இதைக் கேளுங்க, தப்பு பண்ணதுக்கப்புறம் அடுத்த ரெண்டு செகண்ட்ல என்ன பண்றாங்க? சிலர் உறைஞ்சு போவாங்க, சிலர் சிரிச்சு மழுப்புவாங்க, சிலர் கோபமா அடுத்த ஸ்டெப்பை இன்னும் பலமா போடுவாங்க. அந்த ரெண்டு செகண்ட் எந்தப் பொண்ணுகிட்ட உங்களைப் பிடிச்சு நிறுத்துதோ அவங்கதான் உங்க ஓஷி. இதைக் கணக்குப் போட்டுப் பண்ண முடியாது, நாலஞ்சு வீடியோ பாத்தா தானா நடக்கும்.

எப்படிப் பாக்கணும்

ஒரு பாட்டைக் குறைஞ்சது மூணு தடவை, மூணு வேற தேதில எடுத்தது. எடிட் பண்ண மியூசிக் வீடியோ இதுக்கு உதவாது, அதுல தப்பையெல்லாம் வெட்டி எறிஞ்சிருப்பாங்க. தியேட்டர் ஷோ ரெக்கார்டிங், லைவ் ஹவுஸ் வீடியோ, ஒரே மெம்பரை ஃபாலோ பண்ற கேமரா, இந்த மூணுல ஏதாவது ஒண்ணு. முதல் தடவை மொத்தமா பாருங்க. ரெண்டாவது தடவை உங்க ஓஷியை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க, பாட்டு வேற யார்கிட்டயோ இருக்கறப்போ அவங்க பின்வரிசைல என்ன பண்றாங்கன்னு பாருங்க, அங்கதான் எல்லாம் தெரியும், பாக்க ஆள் இல்லாதப்பவும் கையை முழுசா நீட்டறாங்களான்னு. மூணாவது தடவை ஆறு மாசம் கழிச்சு எடுத்த வீடியோவைப் போட்டு அதே இடத்தைப் பாருங்க.

நோட்டு போடுங்க. சின்னதா போதும். தேதி, பாட்டு, என்ன மாறிச்சு. நான் வச்சிருக்கற நோட்டுல ஒரு பக்கத்துல "ரெண்டாவது சரணம், இன்னைக்கு மூச்சு வாங்கல"ன்னு மட்டும் இருக்கு, அதைப் படிச்சா அந்த நாள் முழுசா திரும்ப வருது. ஐடல் பாக்கறதுல ஒரு ஷோவை மட்டும் தனியா எடுத்துப் பாத்தா பாதிதான் கிடைக்கும், ரெண்டு ஷோவுக்கு நடுவுல இருக்கற தூரத்துலதான் மீதி இருக்கு, அந்தத் தூரத்தை உங்க ஞாபகம்தான் அளக்கணும். அந்தப் பச்சை டி-ஷர்ட்காரர் நாலுலேந்து ஒண்ணுன்னு சொன்னாரே, அந்த நாலை எண்ணி வச்ச ஆள் அந்த அறைல வேற யாரு இருந்திருப்பாங்க?

பேச்சு பகுதியைத் தள்ளி விடாதீங்க. பாட்டுக்கு நடுவுல எம்சின்னு பேசுவாங்க, ஒவ்வொருத்தரும் தன்னை அறிமுகப்படுத்த ஒரு வசனம் வச்சிருப்பாங்க, புதுசா வந்தவங்க அதை ஒப்பிக்கறப்போ குரல் நடுங்கும். ஊர்ல இருக்கறவங்களுக்கு ஷோரூம் ஆப் நல்ல வழி, 2013லேந்து இருக்கு, பொண்ணுங்க வீட்டு ரூம்ல உக்காந்து லைவ்ல பேசுவாங்க, பாஷை புரியாட்டியும் தயங்கற இடம், வார்த்தை தேடற இடம், கமென்ட்ல பேரைத் தப்பா படிச்சு மன்னிப்பு கேக்கற இடம் எல்லாம் புரியும்.

எந்தக் குறை எப்படி வேலை செய்யுது

எல்லாக் குறையும் ஒண்ணு இல்ல. பாட்டு, டான்ஸ் மாதிரி நாளாக ஆக சரியாகற குறை ஒரு வகை. ஆனா சரியாகவே ஆகாத குறை இருக்கு, எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும்.

மிச்சிஷிகெ சயுமியை எடுத்துக்கோங்க. 2003ல மார்னிங் முசுமேல சேந்தாங்க, பாட வரல, ஸ்ருதி நிக்காது, அவங்களுக்குக் கிடைச்ச தனி வரி ரொம்பக் கம்மி. இதை அவங்களும் மறைக்கல. டிவி ஷோக்கள்ல நான்தான் ரொம்ப அழகுன்னு விடாம சொல்லிச் சொல்லி, திட்டு வாங்கி, அதால குரூப் பேரு ஜனங்க வாயில தொடர்ந்து இருக்கற மாதிரி பாத்துக்கிட்டாங்க. 2012ல லீடர் ஆனாங்க. 2014 நவம்பர் 26, யோகோஹாமா அரீனாவுல கடைசி ஷோ, நடுவுல கால் பிடிச்சுக்கிட்டு நகர முடியல, மேடைல ஒரே இடத்துல நின்னுட்டாங்க, பாட்டு போய்க்கிட்டே இருந்துச்சு. பதினோரு வருஷத்துல அவங்க பெரிய பாடகி ஆகவே இல்ல. ஆனா அந்த நின்ன இடத்துலேந்து சிரிச்ச சிரிப்பை மறக்கறவங்க யாரும் இல்ல.

அப்புறம் போன்கொட்சு, ஓட்டை உடைசல்னு அர்த்தம், எதைத் தொட்டாலும் சொதப்பற ஆளைச் செல்லமா சொல்றது. ஏகேபி48ல ஷிமாசாகி ஹருகாவுக்கு இந்தப் பேரு உண்டு. கூடவே ஷியோ தையோ, உப்பு உபசாரம்னு சொல்லலாம், ரசிகருங்க வரிசைல வந்து ஐடலோட கை குலுக்கற நிகழ்ச்சில மத்தவங்க தேனா பேசறப்போ இவங்க சுரத்தே இல்லாம ரெண்டு வார்த்தை பேசுவாங்க. அதுக்குன்னே வரிசைல நின்னவங்க உண்டு. முகம் கோணாம எல்லாருக்கும் ஒரே சிரிப்பு குடுக்கற இடத்துல ஒருத்தருக்கு இன்னைக்கு களைப்பா இருக்குன்னு தெரியுது பாருங்க, அது உண்மைங்கற நம்பிக்கை வருது. 2012ல இவங்க கல்லு காகிதம் கத்திரி போட்டில ஜெயிச்சு சென்டரும் ஆனாங்க. ஆமா, அப்படி ஒரு போட்டி 2010லேந்து நடந்துச்சு, அந்த முதல் வருஷம் ஜெயிச்ச உச்சிதா மயுமி அதுக்கு முன்னாடி சிங்கிள் பாட்டு அணில இடமே கிடைக்காதவங்க. திறமைக்கு மட்டும்தான் மேடைன்னா இப்படி ஒரு கதவு திறந்திருக்காது.

கவாஎய் ரினா கதை இன்னும் அழகு. 2013ல ஒரு டிவி ஷோவுல ஏகேபி பொண்ணுங்களுக்கு ஸ்கூல் பரீட்சை வச்சாங்க, இவங்க கடைசி மார்க், நாடே சிரிச்சுச்சு. வெக்கப்பட்டு ஒளியாம அதை ஏத்துக்கிட்டாங்க, அடுத்த வருஷம் மெம்பருங்களை வரிசைப்படுத்தற ரசிகர் ஓட்டுல 16வது இடம், முதல் தடவையா ஓட்டு வழியா மெயின் அணில. 2015ல குரூப்பை விட்டு நடிக்கப் போனாங்க, 2021ல ஆரம்பிச்ச என்எச்கே டிவி காலை நாடகத்துல ஹீரோயின், அந்த நாடகத்துல மூணு தலைமுறைக்கு மூணு ஹீரோயின், மூணாவது இவங்க. அன்னைக்கு மார்க்கைப் பாத்து சிரிச்சவங்க தினம் காலைல இவங்களைப் பாத்துட்டு வேலைக்குப் போனாங்க.

உடம்புக் குறையும் உண்டு, ஏகேபி48ல இருந்த இதானோ தொமோமியோட தூக்கின கோரைப்பல் ரொம்பப் பிடிச்சுப் போய் 2011 வாக்குல டோக்கியோ பல் டாக்டருங்ககிட்ட போய் செயற்கையா அந்தப் பல்லை வச்சுக்கிட்ட பொண்ணுங்க இருந்தாங்க. இதைப் பத்தி அதிகம் சொல்ல இல்ல.

லைவுக்குப் போறது

ஜப்பான் வந்தா பெரிய அரீனாவுக்கு முன்னாடி ஒரு சின்ன லைவ் ஹவுஸ் போங்க. இந்த சின்ன குரூப்புங்களை சிக்கா ஐடல்னு சொல்வாங்க, தரைக்குக் கீழன்னு அர்த்தம். டிக்கெட் 2,000, 3,000 யென் வரும், அது போக உள்ள நுழையறப்போ டிரிங்க் காசுன்னு 600 யென் மாதிரி தனியா கட்டணும், சில்லறையா வச்சுக்கோங்க. பொண்ணுங்க தனியா போனா பல இடத்துல பெண்களுக்கு மட்டும்னு முன்வரிசைல ஒரு பகுதி ஒதுக்கியிருப்பாங்க, கேட்டுப் பாருங்க. ஆகஸ்ட்ல வந்தா ஓடைபால டோக்கியோ ஐடல் ஃபெஸ்டிவல், ஒரே நாள்ல பல மேடை, பல குரூப், ஓஷி தேடறவங்களுக்கு அதுமாதிரி இடம் கிடையாது.

பென்லைட் ஒண்ணு வாங்குங்க, கலர் மாத்தற மாதிரி. ஒவ்வொரு மெம்பருக்கும் ஒரு கலர். பாட்டு ஆரம்ப இசைல டைகர், ஃபயர், சைபர், ஃபைபர், டைவர், வைபர், ஜாஜான்னு கூட்டம் கத்தும், அதுக்குப் பேரு மிக்ஸ், முதல் நாளே கத்தணும்னு இல்ல, கைதட்டினா போதும். மெதுவான பாட்டுல கத்தாதீங்க. பென்லைட்டைத் தலைக்கு மேல தூக்காதீங்க, பின்னாடி இருக்கறவங்களுக்கும் ஒரு ஓஷி இருக்காங்க.

இங்க ரசிகர் சத்தம் அலங்காரத்துக்கு இல்ல. பொண்ணு வரியை மறந்துட்டா கூட்டம் எடுத்துப் பாடும், குரல் உடைஞ்சா பேரைக் கூப்பிடும். மேடைல ஒரு ஓட்டை இருக்கறதாலதான் கூட்டம் உள்ள நுழைய முடியுது. ஓட்டையே இல்லாத ஷோவுல நமக்கு வேலை கிடையாது, உக்காந்து பாக்கலாம், அவ்ளோதான்.

ஷோ முடிஞ்சதும் செக்கி. ஃபுஜிஃபில்ம் 1998ல விட்ட உடனடி கேமராவோட பேரு, இங்க அதுல ஐடலோட எடுக்கற போட்டோவுக்கே அந்தப் பேரு வந்துடுச்சு. ஒண்ணு 1,000லேந்து 2,000 யென், போட்டோ எடுத்து அவங்க அதுல கையெழுத்து போடற நேரம் ஒரு நிமிஷம் பேசலாம். நேரம் முடிஞ்சா ஹகாஷின்னு ஒரு ஸ்டாஃப் தோளைத் தொட்டு நகத்துவாங்க, கோவிச்சுக்காதீங்க. ஒரு நிமிஷத்துல என்ன பேசறதுன்னு எல்லாரும் கேக்கறாங்க. "அழகா இருந்தீங்க"ன்னு சொன்னா நன்றி சொல்வாங்க, அதோட முடிஞ்சுது. "ரெண்டாவது பாட்டுல அந்தத் திருப்பம் இன்னைக்கு சரியா வந்துச்சு"ன்னு சொல்லிப் பாருங்க. நான் அந்தப் பச்சை டிரஸ் பொண்ணுகிட்ட நாலு மாசம் கழிச்சு இதைச் சொன்னப்போ கையெழுத்து போட்டுட்டு இருந்த பேனா அப்படியே நின்னுச்சு, என் பேரோட கடைசி எழுத்து அந்த செக்கில இன்னும் பாதிதான் இருக்கு. தப்பைச் சொல்லிக் காட்டாதீங்க, அது அவங்களுக்கு உங்களைவிட நல்லா தெரியும்.

எங்க நிறுத்தணும்

இதை எழுதாம விட்டா இந்தக் கைடு முழுசா ஆகாது. குறையை நேசிக்கறது வேற, ஒருத்தரை எப்பவும் குறையாவே வச்சிருக்க ஆசைப்படறது வேற. புதுசா வந்தப்போ இருந்த வெகுளித்தனம் போயிடுச்சுன்னு குறை சொல்ற ரசிகருங்க உண்டு, வளர்றதைப் பாக்க வந்துட்டு வளந்ததுக்குக் கோவிச்சுக்கறது நியாயமே இல்ல. இந்தப் பொண்ணுங்கள்ல நிறைய பேர் மைனர், அதை ஒரு நிமிஷம்கூட மறக்கக் கூடாது.

காதலிக்கக் கூடாதுன்னு ஒரு விதி பல குரூப்ல இருக்கு. 2013ல ஏகேபி48 மெம்பர் மினெகிஷி மினாமி ஒரு பையன் வீட்ல தங்கினாங்கன்னு பத்திரிகைல வந்ததும் தலையை மொட்டை அடிச்சுக்கிட்டு அழுது மன்னிப்பு கேட்ட வீடியோவை என்னால இன்னும் முழுசா பாக்க முடியல. அவங்களை ட்ரெய்னியா கீழ இறக்கினாங்க, அவங்க 2021 வரைக்கும் இருந்து முதல் பேட்ச்சோட கடைசி ஆளா வெளிய போனாங்க. அந்த மொட்டைக்கு முந்தின வருஷம், 2012ல, இதே மாதிரி விஷயத்துக்கு ஏகேபி48ல இருந்த சாஷிஹாரா ரினோவை ஃபுகுஓகாவுல இருக்கற கிளைக் குரூப் எச்கேடி48க்கு மாத்தினாங்க, அடுத்த வருஷமே ரசிகர் ஓட்டுல முதலிடம், அப்புறம் 2015, 2016, 2017ன்னு மொத்தம் நாலு தடவை. ஆரம்பத்துல 2009 ஓட்டுல அவங்க இடம் 27. டோக்கியோ மாவட்ட கோர்ட்டே 2015ல காதல் விதியை மீறினதுக்கு ஒரு ஐடலை நஷ்டஈடு கட்டச் சொல்லுச்சு, 2016 ஜனவரில இன்னொரு கேஸ்ல அப்படிக் கேக்க முடியாதுன்னு தள்ளிடுச்சு. நான் ரெண்டாவது தீர்ப்பு பக்கம். தப்பு பண்றதை ரசிக்கறோம்னு சொல்லிட்டு ஒரு மனுஷி வாழ்க்கைல சாதாரணமா நடக்கறதைத் தப்புன்னு தண்டிக்கறது ரொம்பப் பெரிய முரண்.

பணம். சிடியோட வர்ற ஓட்டுச் சீட்டுக்காக ஒரே சிடியைப் பெட்டி பெட்டியா வாங்கின காலம் இருந்துச்சு, ஏகேபி ஓட்டு 2018லயே நின்னுடுச்சு, ஆனா செக்கி வரிசை அப்படியேதான் இருக்கு. மாசத்துக்கு இவ்ளோன்னு எடுத்து வைங்க, அந்தக் கவர் காலியானா அந்த மாசம் வீட்லேந்து பாருங்க. நின்ச்சின்னு ஒரு வார்த்தை உண்டு, உங்க முகத்தை அவங்க ஞாபகம் வச்சுக்கறது, அது கிடைச்சதும் தலைகால் புரியாது, அங்கதான் நிறைய பேர் எல்லை தாண்டறாங்க. 2014 மே மாசம் இவாதே மாவட்டத்துல ஏகேபி48 கை குலுக்கற நிகழ்ச்சில ஒருத்தன் ரம்பத்தோட வந்து ரெண்டு மெம்பரையும் ஒரு ஸ்டாஃபையும் வெட்டினான், காயம்பட்டவங்கள்ல கவாஎய் ரினாவும் ஒருத்தர். அதுக்கப்புறம்தான் பை சோதனையும் மெட்டல் டிடெக்டரும் வந்துச்சு. வாசல்ல உங்க பையைத் திறக்கச் சொன்னா சந்தோஷமா திறந்து காட்டுங்க.

கடைசி நாள்

ஐடல் ரிட்டயர் ஆகறதில்ல, சொட்சுக்யோ, பட்டம் வாங்கிட்டுப் போறது. எல்லா ஓஷிக்கும் அந்த நாள் வரும், ஏகேபி48 காஷிவாகி யூகி மாதிரி 17 வருஷம் இருந்து 2024ல போறவங்க அபூர்வம், சின்ன குரூப்ல ரெண்டு வருஷமே அதிகம். அறிவிப்பு வந்ததும் லீவு போட்டு டிக்கெட் வாங்கிடுங்க, அதுக்கு முன்னாடி இருக்கற சாதாரண ஷோ ஒண்ணுக்கும் போங்க, கடைசி ஷோவுல கண்ணு கலங்கி எதுவும் சரியா தெரியாது.

பச்சை டிரஸ் பொண்ணு ஒண்ணே முக்கால் வருஷத்துல போனாங்க. அன்னைக்கு வாசல்ல அந்தப் பச்சை டி-ஷர்ட்காரரும் இன்னும் நாலு பேரும் நின்னு, வர்றவங்களுக்கெல்லாம் ஒரு ஒளிக் குச்சியும் ஒரு துண்டுச் சீட்டும் குடுத்தாங்க, எந்தப் பாட்டுல எந்த இடத்துல குச்சியை ஒடிக்கணும்னு கையால எழுதி ஜெராக்ஸ் போட்டது. அந்தப் பாட்டு வந்துச்சு. மொத்த பேஸ்மென்ட்டும் பச்சை ஆச்சு. திருப்பம் வர்ற இடத்துல அவங்க இவ்ளோ நாள் பழகி வச்ச மாதிரி சரியா வலது பக்கம் திரும்பினாங்க, மத்த நாலு பேரும் இடது பக்கம் திரும்பிட்டாங்க. நாலு பேரும் பேசி வச்சிருக்காங்க. ஒரு செகண்ட் அவங்க கண்ணு பெருசாச்சு, முதல் நாள் நான் பாத்த அதே கண்ணு, அப்புறம் அவங்களும் இடது பக்கம் திரும்பி நாலு பேரோட சேந்துக்கிட்டாங்க. அந்த ஆளு கத்துவாருன்னு நினைச்சேன், குச்சியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு சும்மா நின்னாரு.

அந்தக் குச்சிங்க, முக்கியமா ரொம்பப் பிரகாசமான வகை, சில நிமிஷம்தான் நல்லா எரியும். சீட்டுல எழுதியிருக்கற பாட்டு வர்ற வரைக்கும் ஒடிக்காம வச்சிருங்க.